ஐந்து நளர்களும் ஒரு தமயந்தியும்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில், வழக்கமான நூலாய்வுக்குப் பதிலாகத் திரைப்படம் ஒன்றைக் காட்டுவதென முடிவாயிற்று. திருகோணமலை உட்துறைமுகத்தை நோக்கியிருக்கும் பழைய வீடொன்றின் விறாந்தையில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டி, வாங்குகளை வரிசையாக இட்டு அமர்ந்தோம். இளம் ஆசிரியர்கள் சிலர், உயர்தர வகுப்பு மாணவ மாணவியர் பலர், ஓய்வுபெற்றுவிட்ட என்போன்றோர் இருவர் மூவர். இவர்களோடு, என் அழைப்பின்பேரில் வந்திருந்த அயல்வீட்டுத் தம்பதியர். அன்று காட்டப்பட்ட படம் 'நள தமயந்தி'.

அந்நிய நாடு சேர்ந்த கதாநாயகன் தன் கடவுச்சீட்டை இழந்து தவிக்கும் கட்டம் வந்தது. விறாந்தை முழுவதும் சிரித்தது. என் அருகில் அமர்ந்திருந்த அயல்வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலக்கை மெல்ல எழுந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அவருடைய வதிவிட விசாவின் பிரதியொன்று அந்தப் பையில் நான்காக மடிக்கப்பட்டு எப்போதும் இருக்கும் என்பதை நான் அறிவேன். படம் முடிந்து பல நாட்களாகியும் அதன் நகைச்சுவைகளைவிட அந்தக் கையே என் நினைவில் நிற்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவேயாகும்.

முதலில் படத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். 'நள தமயந்தி' 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதையை எழுதித் தயாரித்தவர் கமல்ஹாசன்; இயக்கியவர், நகைச்சுவை நாடகங்களால் முன்னரே பெயர்பெற்றிருந்த மௌலி; இசை ரமேஷ் விநாயகம். பாலக்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ராம்ஜி என்னும் சமையற்கார இளைஞன், எழுத்தறிவில்லாதவன், வெள்ளையுள்ளம் படைத்தவன். தங்கையின் திருமணத்தால் வந்த பணச்சுமையைத் தீர்ப்பதற்காக அவுஸ்திரேலியாவுக்குச் செல்கிறான். சென்ற இடத்தில் கடவுச்சீட்டு தொலைகிறது. நம்பிப்போன பிழைப்பும் நழுவுகிறது. அந்நாட்டில் தங்குவதற்கு ஒரே வழி, அந்நாட்டுக் குடியுரிமை உடைய பெண்ணொருத்தியைச் சட்டப்படி மணப்பது. அவ்வாறு, காகிதத்தின் பொருட்டு அவன் கைப்பிடிக்கும் பெண்ணின் பெயர் தமயந்தி. அவளுக்கோ ஏற்கெனவே வேறொரு காதலன் இருக்கிறான். குடிவரவு அதிகாரிகளின் ஐயப் பார்வையின்கீழ் இருவரும் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக நடிக்கவேண்டி நேர்கிறது. இதன் பின் நிகழ்வதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். முடிவைக் கூறி, இனிப் பார்க்கப்போகிறவர்களின் இன்பத்தை நான் கெடுக்கமாட்டேன். ராம்ஜியாக மாதவனும் தமயந்தியாகக் கீது மோகன்தாசும் நடித்துள்ளனர்.

கதையின் எலும்புக்கூடு புதியதன்று. 1990இல் பீற்றர் வெயர் என்னும் அவுஸ்திரேலிய இயக்குநர் எடுத்த 'கிரீன் கார்ட்' என்ற ஆங்கிலப் படத்தோடு இது பெரிதும் ஒத்திருப்பதை அக்காலத்திலேயே பலரும் சுட்டினர். அப்படத்தில் ஜோர்ஜ் என்னும் பிரெஞ்சுக்காரன் அமெரிக்காவில் தங்குவதற்காகவும், புரொண்டி என்னும் நியூயோர்க் பெண் தம்பதியருக்கு மாத்திரமே கிடைக்கக்கூடிய, செடிவளர்க்கும் கண்ணாடி அறையோடு கூடிய ஒரு வீட்டைப் பெறுவதற்காகவும் பொய்மணம் புரிகின்றனர். அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்கியதும், ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரும் சில நாட்களுக்குள் ஒருவர் வாழ்வை மற்றவர் மனப்பாடம் செய்கின்றனர். தேனிலவுப் புகைப்படங்களையும் மொட்டைமாடியிலேயே உடை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கின்றனர். இறுதியில் தனித்தனியே விசாரிக்கப்படும்போது அவள் முகத்துக்குப் பூசும் களிம்பின் பெயரில் அவன் தடுமாறி, பொய் வெளிப்பட்டுவிடுகிறது. அந்த வேளையிலோ அவர்களுடைய அன்பு மெய்யாகிவிட்டிருக்கிறது. மணம் பொய்யாயிருந்தபோது பிரிந்து சுதந்திரமாக வாழ்ந்தவர்களை, அது மெய்யான நாளில் சட்டம் பிரித்துவைக்கிறது. நகைப்புக்கு அடியிலே கிடக்கும் துயரம் இதுதான்.

ஆனால், இந்தக் கதையைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்கள் அதற்கு இட்ட பெயரால், தாம் எண்ணியதைவிடப் பெரியதொரு வாயிலைத் திறந்துவிட்டார்கள் என்பது என் துணிபு. நளன் சமையலில் வல்லவன் என்பதும், இன்றும் நல்ல சமையலை 'நளபாகம்' என்று போற்றுகிறோம் என்பதும் யாவரும் அறிந்ததே. சமையற்காரன் கதைக்கு அப்பெயர் பொருத்தம் என்ற அளவிலே படம் நின்றுவிடுகிறது. ஆயினும் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைக் கற்பித்த எனக்கு, அப்பெயரைக் கேட்டவுடன் சமையலறைக்கு முன்னர் வேறொரு மண்டபம் நினைவுக்கு வருகிறது. அது தமயந்தியின் சுயம்வர மண்டபம்.

அங்கே அவள் கண்டது ஒரு நளனையன்று, ஐந்து நளர்களை. அவளை விரும்பி வந்த இந்திரன், அக்கினி, இயமன், வருணன் ஆகிய நால்வரும் நளனின் உருவையே கொண்டு அமர்ந்திருந்தனர். நிறத்தில், வடிவத்தில், அணியில் எள்ளளவும் வேறுபாடில்லை. இக்காலத்து மொழியில் கூறினால், ஐவர் கையிலும் ஒரே முத்திரையிட்ட ஆவணம். தமயந்தி எவ்வாறு உண்மை நளனைத் தெரிந்தாள்? நால்வரின் கண்கள் இமைக்கவில்லை. ஒருவனின் கண்கள் இமைத்தன. நால்வரின் அடிகள் நிலத்தில் படியவில்லை. ஒருவனின் அடிகள் மண்ணில் படிந்திருந்தன. நால்வர் அணிந்த மாலை வாடவில்லை. ஒருவனின் மாலை வாடியிருந்தது. குறைபாடுடையவன் எவனோ அவனே மெய்யானவன் என்று அவள் கண்டுகொண்டாள். போலிகள் யாவும் நிறைவாக இருந்தன.

மீண்டும் ஒருமுறை அவள் அவனைக் கண்டறிய நேர்கிறது. நாடிழந்து, கார்க்கோடகன் என்னும் பாம்பு தீண்டி உருவும் மாறி, வாகுகன் என்ற பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் நளன் வாழ்கிறான். பெயரும் உருவும் ஊரும் இழந்து பிறநாட்டில் ஊழியம் செய்யும் மனிதன்! குடிபெயர்ந்தவனுக்கு இதனினும் பொருத்தமான உருவகம் நம் இலக்கியத்தில் உண்டா? விதர்ப்ப நாட்டுக்கு அவன் தேரோட்டி வந்தபோது, தமயந்தி அவனிடம் பெயரையோ ஊரையோ கேட்டு முடிவுசெய்யவில்லை. அவன் சமைத்த உணவைத் தோழியின்மூலம் வரவழைத்துச் சுவைத்துப் பார்க்கிறாள். நாவறிந்த சுவை, கண்ணறியாத கணவனைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆக, மெய்யைக் கண்டறியும் இருவேறு சோதனைகள் நம்முன் உள்ளன. ஒன்று குடிவரவு அலுவலரின் சோதனை. விடைகள் இரண்டும் ஒத்திருக்கவேண்டும்; ஒவ்வாமை பொய்யின் அடையாளம் என்பது அதன் விதி. மற்றது தமயந்தியின் சோதனை. அளவுக்கு மீறிய ஒற்றுமையே பொய்யின் அடையாளம்; இமைப்பும் வாட்டமும் மண் படிந்த பாதமுமே உண்மையின் அடையாளங்கள் என்பது அதன் விதி. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டவனின் கதையைச் சிரித்துச் சொல்லலாம். ஆனால் அது சிறிய கதையன்று.

இதை நான் ஏட்டிலிருந்து கூறவில்லை. எங்கள் துறைமுகத்துக்கு இந்தக் கதை புதியதன்று. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை விட்டு நீங்கும்வரை, இங்கு வந்து தங்கிய மனிதரும் மொழிகளும் சமையல்களும் எத்தனையோ. இந்தியாவிலிருந்து பிழைப்பு நாடி இலங்கைக்கு வந்தவர்களை நம் நாடு எவ்வாறு நடத்தியது என்பதும் நினைக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தொழிலாளர் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரை எண்ணிக்கையாகப் பிரித்தது. கடல்வழி வந்தவனைக் 'கள்ளத்தோணி' என்று நகையாடிய வாய்கள் எங்கள் ஊரிலும் இருந்தன. எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல். 'நள தமயந்தி' திரைக்கு வந்த அதே ஆண்டு அது. இவ்விரண்டும் தற்செயலாக ஒன்றித்தவையே. ஆயினும் என்னால் அவற்றைப் பிரித்து நினைக்க முடியவில்லை.

பின்னர் காற்றுத் திசைமாறியது. 1983க்குப் பின்னரும், 1990இல் மீண்டும் போர் மூண்டபோதும், தோணி ஏறியவர்கள் நாங்களாயிருந்தோம். எங்களை ஏற்றுக்கொண்ட கரை இராமேசுவரம். தங்கவைத்த இடம் மண்டபம் முகாம். இன்னும் அண்மையில், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, கிழக்குக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவை எண்ணிப் படகேறியோரைக் கடற்படையினர் தடுத்துக் கரைசேர்த்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. படகில் வருவோரைத் தன் நாட்டில் குடியமர்த்துவதில்லை என 2013இலேயே அவுஸ்திரேலிய அரசு அறிவித்துவிட்டது என்பது தெரிந்தும் அவர்கள் ஏறினார்கள். ராம்ஜி விமானத்தில் சென்று இறங்கிய அதே நாடு! படம் பார்த்த மாணவர்களுள் ஒருவன் அன்று என்னிடம் கேட்டான்: "சேர், இது சிரிக்கிற விசயமே?" அவனுடைய தமையன் எங்கிருக்கிறான் என்பதை நான் அறிவேன். உடனடியாக விடைசொல்ல என்னால் இயலவில்லை. இப்போது முயல்கிறேன். அதற்கு என் அயல்வீட்டுத் தம்பதியரின் கதையைச் சொல்லவேண்டும். அவர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அவள் இவ்வூர்ப் பெண். 1990இல் சிறுமியாகத் தாய் தந்தையரோடு தோணியேறிப் போனவள். அவள் வளர்ந்த முகாமுக்கு அண்மையில், பெருந்தெருவோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் அவன் சமையற்காரனாயிருந்தான்; தஞ்சாவூர்ப் பக்கத்தவன். நோயுற்ற தாய்க்கு இட்டலி வாங்கச் சென்றவள் அவனைக் கண்டாள். முகாமில் தணிக்கை நடக்கும் நாட்களில் அவள் நேரத்தோடு திரும்பவேண்டியிருக்கும் என்பதை அறிந்து, அந்நாட்களில் அவளுக்குரிய பொட்டலத்தை முதலிலேயே கட்டி வைத்திருப்பான். இதைவிடப் பெரிய காதல் வசனம் எதையும் அவன் பேசியதாக அவள் கூறவில்லை. மணம் நடந்தது. அவனை மணந்தமையால் அவளுக்கு இந்தியக் குடியுரிமை வந்துவிடவில்லை. அவள் அகதியாகவே இருந்தாள். போர் முடிந்த சில ஆண்டுகளின் பின் தாயையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். அவனும் பின்தொடர்ந்து வந்துசேர்ந்தான். அங்கே காகிதத்துக்காக வரிசையில் நின்றவள் அவள். இங்கே நிற்பவன் அவன்.

துறைமுகத் தெருவிலுள்ள சாப்பாட்டுக்கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. முதல் வாரத்திலேயே கடைக்குப் பெருநட்டம். காரணம் ஒரு சொல். இலையில் சாம்பார் ஊற்றும்போது வாடிக்கையாளர் கையை நீட்டி, "காணும், காணும்" என்பர். போதும் என்பது எங்கள் பொருள். அவனோ, சாம்பார் கண்ணுக்கே தெரியவில்லை, காணோம் என்று குறைப்படுகிறார்கள் என எண்ணி, மேலும் மேலும் ஊற்றினான். அவர்கள் பதறிக் "காணும்!" என்று கூவக் கூவ, வாளி காலியாயிற்று. முதலாளி அடுப்படிக்கு வந்து மொழிபெயர்த்த பின்னரே வெள்ளம் வடிந்தது. இன்னொரு நாள், மழையில் நனைந்த படியில் இறங்குகையில் அவள் "ஆறுதலா வாங்கோ" என்றாளாம். மெதுவாக வாருங்கள் என்று அவள் சொன்னது, அவன் காதில் ஏதோ துக்கத்துக்குத் தேறுதல் சொல்வதாக விழுந்தது. "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்று திரும்பியவன் வழுக்கி விழுந்தான். முகாமில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து தஞ்சாவூர்ப் பேச்சும் கலந்துபோன அவள் நா, ஊர் திரும்பியதும் தாய்ப்பேச்சுக்கு மீண்டுவிட்டது. அவன் மட்டும் தனித்துவிடப்பட்டான். ஊரே என்னைச் 'சேர்' என்று அழைக்க, அவன் ஒருவன்தான் இன்றும் 'சார்' என்கிறான்.

ஒரே தாய்மொழி பேசும் இருவருக்கிடையில் இத்தனை கடல் இருக்குமென்றால், பாலக்காட்டுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே படம் காட்டும் குழப்பங்கள் மிகையென்று எவ்வாறு கூறுவது?

சில ஆண்டுகளுக்கு முன் விசாவைப் புதுப்பிக்கும் வேளையில், அவர்களுடைய மணம் மெய்யானதா என்ற ஐயம் ஓர் அலுவலகத்தில் எழுந்தது. இருவரையும் தனித்தனியே அமர்த்தி வினாவினர். வீட்டில் எத்தனை அறைகள், குழந்தைக்கு எந்த வகுப்பு என்பனவெல்லாம் முடிந்தபின், முதல்நாள் இரவு என்ன உண்டீர்கள் என்று கேட்கப்பட்டது. இடியப்பத்துக்குச் சட்னி என்றான் அவன். இடியப்பத்துக்குச் சம்பல் என்றாள் அவள். விடைகள் வேறுபட்டன என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை அவர்கள் என் வீட்டுக்கு வந்தனர். "நாங்கள் என்ன, பொய்யே சொன்னனாங்கள், சேர்? உள்ளதைத்தானே சொன்னனாங்கள்" என்றாள் அவள். அவனோ அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, "நான் சட்னின்னு சொன்னேன் சார், அவ சம்பல்னு சொல்லிட்டா. ரெண்டும் ஒரே கிண்ணத்துலதான் சார் இருந்துச்சு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிற்று. அயலவர் ஒருவரின் கடிதத்தை இணைத்து மேன்முறையீடு செய்யலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கடிதத்தை நான் எழுதித் தரவேண்டும்.

எழுத அமர்ந்தேன். "மேற்படி இருவரும் ஒற்றுமையாக வாழ்ந்து வருகின்றனர் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்" என்று தொடங்கிற்று என் பேனா. வாசித்துப் பார்த்தேன். பொய்மணம் செய்த எவருக்கும் இதே வாக்கியத்தை எவரும் எழுதிக் கொடுக்கலாம். அது இமைக்காத கண், வாடாத மாலை. தாளைக் கிழித்துவிட்டேன். நள்ளிரவு வரை நாலைந்து தாள்கள் கிழிந்தன. காதற் பாடல்களுக்கு ஆண்டாண்டாக உரைசொன்ன ஓர் ஆசிரியனுக்கு, இரண்டு மனிதர் கணவன் மனைவி என்பதை நிறுவ ஒரு வாக்கியம் அகப்படவில்லை என்ற வெட்கத்தை அன்று அனுபவித்தேன்.

விடியற்காலையில்தான் தெளிவு வந்தது. இருவரும் ஒற்றுமையாக விடை சொன்னார்கள் என்று வாதாடுவதல்ல, ஏன் வேறுபட்டார்கள் என்று விளக்குவதே என் கடமை. தேங்காயையும் செத்தல் மிளகாயையும் சேர்த்து இடித்தெடுப்பதை நாங்கள் சம்பல் என்கிறோம். தேங்காயை அரைத்துத் தொட்டுக்கொள்வதைத் தஞ்சாவூர்க்காரர் சட்னி என்கின்றனர். இங்கு வந்தபின் அவனே சம்பலை இடிக்கிறான், ஆனால் பழைய பெயரால் அழைக்கிறான் என்று எழுதினேன். போதும் என்பதற்குக் காணும் என்கிறோம் என்றும், மெதுவாக என்பதற்கு ஆறுதலாக என்கிறோம் என்றும், அதனால் அவன் பட்ட பாட்டையும் எழுதினேன். இறுதியாக, "முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்ல வந்தவர்களாயின், இருவரும் ஒரே சொல்லைச் சொல்லியிருப்பார்கள்" என்று முடித்தேன். இளம் ஆசிரியர் ஒருவர் அதைச் சிங்களத்தில் பெயர்த்துத் தந்தார். பெயர்க்கும்போது அவர் கூறியதுதான் என்னைத் தைத்தது: "சேர், சிங்களத்திலும் சம்பல் சம்பல்தான். அலுவலருக்கும் அந்த அக்காவுக்கும் சொல் ஒன்று. அந்த அண்ணன் ஒருவர்தான் வெளியாள்."

விசா நீடிக்கப்பட்டது. என் கடிதத்தாலோ, வேறெதனாலோ, யானறியேன். குறித்த காலம் முடிந்ததும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். ஆகவேதான் சட்டைப் பையில் அந்தக் காகிதம். ஆகவேதான் சிரிப்பின் நடுவே அந்தக் கை.

இனிப் படத்துக்கு மீள்வோம். இக்கதையின் மெய்யான ஆழத்தைப் படம் எட்டியதா? முழுமையாக எட்டவில்லை என்றே கூறவேண்டும். எழுத்தறிவின்மையை நகைப்பொருளாக்கும் இடங்கள் சில, ஆசிரியனாகிய எனக்கு உவக்கவில்லை. நளன் பெயரைச் சூடிய கதையில், தமயந்தி உணவால் அவனை அறியும் அந்த மகத்தான கட்டத்துக்கு நிகரான கனம் சமையலுக்குத் தரப்படவில்லை. இன்னும், வந்தேறியவன் விட்டுவந்த உலகம் தொடக்கத்தில் சிறிது காட்டப்பட்டுப் பின்னர் மங்கிவிடுகிறது. மீரா நாயர் 1991இல் எடுத்த 'மிஸிஸிப்பி மசாலா'வை இங்கு ஒப்புநோக்கலாம். 1972இல் இடி அமீனால் உகண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியக் குடும்பம் அமெரிக்கத் தென்பகுதியில் வாழ்கிறது. மகள் ஒரு கறுப்பின இளைஞனைக் காதலிக்கிறாள். அங்கும் நகைச்சுவை உண்டு. ஆனால் தந்தை, இழந்த உடைமைக்காக உகண்டா அரசோடு வழக்காடிக்கொண்டே இருப்பதால், விட்டுவந்த நாடு ஒவ்வொரு காட்சியின் பின்னாலும் நிற்கிறது. அத்தகைய பின்புலம் 'நள தமயந்தி'யில் இல்லை.

எனினும், அதை நான் தள்ளிவிட ஒருப்படேன். ராம்ஜியை அது ஏளனம் செய்யவில்லை. அவனுடைய தடுமாற்றங்களே அவனுடைய நேர்மையின் சான்றுகளாக நம்முன் வைக்கப்படுகின்றன. ஆங்கிலம் அறியாமலும் சூது அறியாமலும் அவன் படும் அல்லல், வாடிய மாலை. மண்ணில் படிந்த பாதம். தமயந்தி அவனை நேசிக்கத் தொடங்குவது அவற்றால்தான். பழங்கதையைப் படம் தெரிந்து பின்பற்றவில்லையாயினும், தெரியாமலே அதன் வழியில் நடந்திருக்கிறது. மற்றொன்றும் குறிக்கத்தக்கது. தமயந்தியாக நடித்த கீது மோகன்தாஸ் பின்னாளில் இயக்குநரானார். 2013இல் அவர் எடுத்த 'லயர்ஸ் டைஸ்' என்ற இந்திப் படம், நகரத்துக்கு வேலைதேடிப் போய்ச் செய்தியற்றுப்போன கணவனைத் தேடி, இமயமலைக் கிராமமொன்றிலிருந்து மகளோடு புறப்படும் பெண்ணின் கதை. காணாமற்போன நளனைத் தேடும் தமயந்தியை, நகைச்சுவை அறவே நீங்கிய இன்னொரு வடிவில் அவர் படைத்துவிட்டார் எனலாம்.

மாணவனின் வினாவுக்கு வருகிறேன். இது சிரிக்கிற விடயமா? ஆம், தம்பி. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கடவுச்சீட்டை இழந்தவனைப் பார்த்துச் சிரித்தால், நேற்று 'கள்ளத்தோணி' என்று நகைத்தவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுவோம். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கண்டு திகைத்து நிற்கும் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால், இழந்தவனும் நம்மோடு சேர்ந்து சிரிப்பான். அன்றிரவு விறாந்தையில் இரண்டு சிரிப்பும் இருந்தன. என் அயலவரின் வாய் ஒன்றிலும், கை மற்றொன்றின் அச்சத்திலும் இருந்தன.

படம் முடிந்ததும், அவன் கொண்டுவந்திருந்த வடையும் தேநீரும் பரிமாறப்பட்டன. கூடவே ஒரு கிண்ணமும் வந்தது. சட்னியா சம்பலா என்று மாணவர்கள் கேட்டு ஆரவாரித்தனர். அவனும் அவளும் ஒரே நேரத்தில் இரு வேறு விடை சொன்னார்கள். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றின் விளக்குகள் நீரில் ஆடிக்கொண்டிருந்தன. எல்லோரும் கலைந்தனர். வெற்றுப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு அவன் பின்னே வர, குழந்தையின் கையைப் பிடித்தபடி முன்னே சென்ற அவள் இருளில் திரும்பி, "படி ஈரமாக் கிடக்கு, ஆறுதலா வாங்கோ" என்றாள்.

அவன் எதுவும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினான்.